டம்மி வரி

சின்னவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் யார் பேசினாலும் அவளுடைய காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். பேருந்தில் முன் இருக்கைக்காரர்கள் சொத்துத் தகராறு பேசிக்கொண்டு போனால், தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு, வீடு கடைசியில் யாருக்குப் போயிற்று என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இறங்குவாள். விலங்கியலில் பட்டம் வாங்கிய பெண் விளம்பரக் கம்பெனிக்கு எதற்குப் போனாள் என்று கேட்பீர்கள். வீட்டில் எல்லோரும் கேட்டு அலுத்துவிட்டார்கள். புழு பூச்சிகளை உற்றுப் பார்த்தது போதும், இனி மனிதர்களைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அந்த விளம்பரக் கம்பெனி அண்ணன் குடியிருந்த ஊரில் இருந்தது. மூன்று மாதப் பயிற்சிக்கு அண்ணன் வீட்டுக் கூடத்து சோபாதான் அவளுக்குப் படுக்கை. ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு. நடுவில் இருந்தது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் தலையணையைத் திருப்பிப் போட்டால் இந்தப் பக்கம் கேட்கும். இப்படிப்பட்ட காதுக்காரியை இப்படிப்பட்ட சுவருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தது யார் குற்றம் என்று பின்னால் அவளே பலமுறை யோசித்தாள்.

அண்ணன் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்ப்பவன். அண்ணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிவதற்கு முன் கிளம்பி, வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி, ரத்தத்தைக் கண்டு மயங்குகிறவர்களைத் தாங்கிப் பிடித்து, மதியம் வீடு திரும்பி, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். அவளுக்கு அதுதான் ராத்திரி. அதிகம் பேச மாட்டாள். தன் அம்மா தொலைபேசியில் அழைத்தால்கூட, "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்பதோடு சரி. அந்த வாயிலிருந்து குறை என்று ஒரு சொல் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு வருவோம். அங்கே எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவியாக ஒரு அம்மாள் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். தினமும் சாயங்காலம் எல்லோரும் தங்கள் வரிகளைத் துண்டுச் சீட்டுகளில், சீட்டுக்கு ஒரு வரியாக எழுதி அவள் மேசையில் வைக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பாள். வாசித்துக்கொண்டே வரும்போது ஒரு நொடி நின்றால் அந்த வரி பிழைத்தது. நிற்காவிட்டால் சீட்டு தரைக்குப் போகும். ஏன் எதற்கு என்று விளக்கமெல்லாம் கிடையாது. வந்த நாளிலிருந்து சின்னவளின் சீட்டுகள் தரையில்தான் கிடந்தன. அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், அதற்குப் பதில் ஆச்சரியம்தான் வந்தது. அப்படியானால் எந்த வரியில் அந்த அம்மாள் நிற்கிறாள்? ஏன் நிற்கிறாள்? பிழைத்த சீட்டுகளையும் செத்த சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கல்லூரியில் இரண்டு வண்டுகளை இப்படித்தான் பார்ப்பாள். அங்கே வித்தியாசம் தெரிந்தது, இங்கே பிடிபடவில்லை.

இன்னொரு விநோதமும் அங்கே உண்டு. படமும் எழுத்தும் சேர்த்துப் பக்கத்தை அமைப்பவரை எல்லோரும் 'ஓவியர்' என்பார்கள். அவர் பென்சிலைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது என்பது வேறு விஷயம். எழுத்து எவ்வளவு பெரிதாக வரும், எங்கே மடங்கும் என்று அளவு பார்க்க அவருக்கு ஏதாவது ஒரு வரி வேண்டும். நிஜ வரி வருவதற்குள் அந்த இடத்தில் உட்கார வைப்பதுதான் டம்மி வரி. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அதற்கு ஒரே ஒரு சட்டம்: அர்த்தமே இருக்கக் கூடாது. "எலி எலி நாற்காலி எலி" என்றுதான் பெரும்பாலும் போடுவார்கள். அர்த்தமாக ஏதாவது எழுதித் தொலைத்தால், நிஜ வரி என்று யாராவது நினைத்துவிடுவார்கள் அல்லவா? இந்தச் சட்டத்தைப் புதிதாக வந்தவளிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் சொல்வார்கள்?

ஒரு விடுமுறை நாள் மதியம். அண்ணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் சோபாவில் சாய்ந்திருந்தாள். அண்ணன் படுக்கையறைக் கதவைத் திறந்தான்.

"நகவெட்டி எங்க இருக்கு?"

உள்ளே தலையணை புரண்டது. அண்ணி ஏதோ முனகினாள்.

"மேல் டிராயர்லயா? பார்த்தேனே. சரி, கேஸ் புக் பண்ணியாச்சா? அப்புறம் அந்த நீலச் சட்டை..."

அப்போதுதான் அண்ணி அதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. களைத்துப்போன குரலில், மெதுவாக, "தூங்கும்போதாவது எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

"சரி சரி, நீ தூங்கு" என்றான் அண்ணன். கதவை மூடினான். மறுபடி திறந்தான். "நகவெட்டி மட்டும் சொல்லிடு."

சுவருக்கு இந்தப் பக்கம் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு என்னவோ போல் இருந்தது. அந்த வரி மட்டும் காதில் ஒட்டிக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு மெத்தைக் கம்பெனிக்கான வேலை தலைக்கு மேல் இருந்தது. சாயங்காலத்துக்குள் மாதிரிப் பக்கம் போக வேண்டும். கத்தரிக்கோல் பல்வலி என்று மருத்துவரிடம் போயிருந்தாள். ஓவியர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார்.

"ஏ புதுசு! ஒரு டம்மி சொல்லு. ரெண்டு வரியா மடங்கணும். சீக்கிரம்!"

சின்னவள் யோசிக்கவில்லை. காதில் இருந்தது வாயில் வந்தது. அவர் தட்டினார். தலையணையில் முகம் புதைத்துக் குப்புறப் படுத்திருந்த ஒரு பெண்ணின் படத்துக்கு மேல் அந்த வரி போய் உட்கார்ந்தது.

தூங்கும்போதாவது எங்கிட்ட
எதுவும் கேக்காதீங்க.

ஓவியர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "டம்மி இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே" என்றார். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. வேறு யாரோ அவசரத்தில் அந்தப் பக்கத்தை அப்படியே மெத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார்கள். ஒழுங்காக ஒரு எலியைப் போட்டிருந்தால் இந்த வினையே இல்லை.

அடுத்த நாள் மெத்தைக் கம்பெனி முதலாளி நேரிலேயே வந்து நின்றார். எந்த நாற்காலியில் உட்காரும் முன்னும் அதன் பஞ்சை ஒருமுறை அமுக்கிப் பார்க்கிற மனிதர்.

"என் வீட்டுக்காரிகிட்ட காட்டினேன். படிச்சுட்டு சிரிச்சா. அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தா பாருங்க... அந்தப் பார்வைதான் எனக்கு வேணும். இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது" என்றார்.

அவர் போன பிறகு கத்தரிக்கோல் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்து, வழக்கம்போல் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். நின்றாள். அறையே அவளைப் பார்த்தது.

"யாரு எழுதினது?"

ஓவியர் கையை நீட்டிக் காட்டினார்.

"நீயா எழுதினே?"

சின்னவளின் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை, தலைதான் ஆடியது. பிறகு அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இது. சமாதானம் சொல்லத் தலைக்கும் வாய்க்கும் வித்தியாசம் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

"பயிற்சி முடிஞ்சதும் இங்கேயே இருக்கியா? அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லு" என்றாள் கத்தரிக்கோல். அங்கே இரண்டு வருடமாகச் சீட்டு எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டாள். லிஃப்டில் இறங்கும்போதுதான் அண்ணியின் நினைவு வந்தது. பேருந்து நிறுத்தத்திலும் முக்குச் சந்தியிலும் ஆளுயர எழுத்தில் அந்த வரி வந்து நிற்கப் போகிறது. அண்ணி தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். பெற்ற தாயிடம் சொல்லாததை, கதவுக்குள்ளே, பாதித் தூக்கத்தில், கட்டிய புருஷனிடம் மட்டும் சொன்னது அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது விழித்துக்கொண்டிருந்தது என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வாயைத் திறப்பாளா? விளம்பரப் பலகை ஏறுவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும், அனுமதி கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு ஓடினாள். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் கதவருகில் நின்று வாயைத் திறந்தாள், மூடினாள். தூங்கும்போதாவது எதுவும் கேட்காதீர்கள் என்று சொன்னவளை எழுப்பி, அந்த வரியையே விற்றுவிட்டேன், பரவாயில்லையா என்று கேட்பதா? இதைவிடக் கேடு கெட்ட காரியம் உலகத்தில் இருக்க முடியாது என்று பட்டது. பூனை மாதிரி திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அண்ணி எழுந்தால் அண்ணன் பக்கத்திலேயே இருப்பான். அவனைப் பற்றிய வரியை அவன் முன்னால் எப்படி எடுப்பது? காலையில் சின்னவள் கண் விழிக்கும்போது அண்ணி கிளம்பிப் போயிருப்பாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் நழுவியது.

சொல்லத் தைரியம் வராதவள் வேறு வழி தேடினாள். அந்த வரியைவிட நல்லதாக ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டால், முதலாளி இதை விட்டுவிடுவார் அல்லவா? உயிரைக் கொடுத்து எழுதினாள். அத்தனையும் தரைக்குப் போயின. அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஒரு வரியில் என்று அவளுக்குத் தலை வெடித்தது. தெரிந்தே ஆக வேண்டும் என்று, மெத்தை, விளம்பரம் எதுவும் சொல்லாமல், அகப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தாள். வாசலில் நிற்கும் காவலாளி, "எங்க வீட்டுல பையன் பண்றதுதான் அது" என்றார். கணக்குப் பிரிவு அக்கா, "எங்க மேனேஜர் கனவுலயே வந்து கேக்குறாரு" என்றாள். ஓவியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எங்கம்மா சொல்லுவாங்க. ஆனா நான்தான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார். ஓயாமல் கேட்கிற ஆள் என்று ஒவ்வொருவரும் ஒருவரைக் கையில் வைத்திருந்தார்கள். ஒருவர்கூட, இது என்ன வரி, எதைப் பற்றி என்று விசாரிக்கவில்லை. சின்னவளுக்கு அப்போது ஒன்று உறைத்தது. அவள் இதுவரை எழுதியதெல்லாம் மெத்தையைப் பற்றி. இது மெத்தையைப் பற்றியதே இல்லை. இது புரிந்ததும் சந்தோஷத்தில் குதிக்கத் தோன்றியது. அடுத்த கணமே, அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்து முகம் தொங்கிப் போனது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்குப் புதுத் திரைத்துணி வாங்க மூவரும் காரில் கிளம்பினார்கள். அண்ணி முன்னால், சின்னவள் பின்னால். பெரிய சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"ஏய், அது உங்க கம்பெனி மெத்தைதானே?"

நாளைக்குத்தான் ஏறும் என்று ஓவியர் சொல்லியிருந்தார். ஒரு நாள் முந்திக்கொண்டது. சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணன் உரக்க வாசித்தான். வாசித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "சூப்பர்! எப்படி யோசிக்கிறாங்கய்யா! இத நீயா எழுதினே? உண்மையைச் சொல்லு, உனக்கு எப்படித் தோணுச்சு இது?"

அண்ணி சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து சின்னவளுக்கு அவளுடைய ஒரு கன்னம்தான் தெரிந்தது.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அண்ணன் வழி முழுக்கப் பெருமை பேசிக்கொண்டு வருவான். ஒரு தடவை ஆட்டிய தலைதான். ஆனால் அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் ஆட்ட முடியவில்லை.

"நான் எழுதல அண்ணா. அண்ணி சொன்னது அது."

"இவளா? எப்போ?"

"போன மாசம். உங்கிட்டதான் சொன்னாங்க. நீ கதவத் திறந்து ஏதேதோ கேட்டுக்கிட்டு இருந்தே. நான் சோபாவுல இருந்தேன்."

"எங்கிட்டயா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான் அண்ணன். பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அதுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. விளக்கு பச்சையாயிற்று. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் வண்டியைக் கிளப்பி, சந்தியைத் தாண்டி ஓரமாக நிறுத்தினான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள் சின்னவள். "டம்மியாத்தான் சொன்னேன். எப்படியோ போயிடுச்சு. உங்ககிட்ட கேக்கணும்னு அன்னைக்கே ஓடி வந்தேன். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எழுப்பியிருக்க வேண்டியதுதானே?"

"எப்படி அண்ணி... அதுவும் அந்த வரியை வச்சுக்கிட்டு..."

"இந்த வீட்டுல எதெதுக்கோ என்னை எழுப்புறாங்க. ஒரே ஒரு தடவ, என்னைப் பத்தின விஷயத்துக்கு எழுப்பியிருக்கலாம்ல?"

அண்ணன் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் கேட்டாள்.

"உன் வேலை இதை வச்சுத்தானா?"

"ஆமா. நான் எழுதினேன்னு நினைச்சுட்டு இருக்காங்க."

"நாளைக்குப் போய்ச் சொல்லிடு."

"சொல்லிடறேன்."

"சொல்லிட்டு, என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லு. நான் தூங்கினாலும் பரவாயில்ல" என்றாள் அண்ணி. அன்றைக்குத் திரைத்துணி வாங்காமலே திரும்பினார்கள்.

மறுநாள் காலை சின்னவள் கத்தரிக்கோலின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அதைக் கேட்டு அந்த அம்மாள், இதுவரை எந்த வரிக்கும் நின்றிராத அளவு நேரம் நின்றாள்.

"அப்போ இதுல நீ பண்ணது என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன்."

கத்தரிக்கோல் சிரிப்பாள் என்று யாரும் அங்கே சொன்னதில்லை. சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். வேலையைப் பத்தி இப்போ பேச வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் சீட்டு எழுது, உன்னோடதுன்னு ஒண்ணு வரட்டும். அப்புறம் அந்தப் பலகை இருக்கணுமா, இறக்கணுமான்னு உங்க அண்ணிகிட்ட கேட்டுட்டு வா. இறக்கணும்னா நான் மெத்தைக்காரர்கிட்ட பேசிக்கிறேன்."

கதவு வரை போனவளைக் கூப்பிட்டாள். "அவங்களுக்கு இங்க வேலை பார்க்க இஷ்டமான்னும் கேளு."

வேலை போயிற்று என்று வருந்துவதா, போகவில்லை என்று மகிழ்வதா என்று தெரியாமல் சின்னவள் மதியம் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் கூடத்தில் காதில் ஹெட்போனோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தான், நாற்காலியை நகர்த்தி வழி விட்டான்.

உள்ளே இருட்டாக இருந்தது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள் சின்னவள். எழுப்பாதே என்றது கால். அப்புறம் குனிந்து தோளைத் தொட்டாள்.

"அண்ணி. உங்க விஷயம்தான்."

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்து, அவளுக்கு உட்கார இடம் விட்டாள்.

"ம். சொல்லு" என்றாள்.